ஒரு நாளுக்காக ஒரு வீடு

மைசூரில் நான் ஷாமியானாக் கடையில் வேலை செய்தவன். கம்பம் நட்டு, துணி கட்டி, நாற்காலி இறக்கிப் போடுகிற வேலை. கல்யாணத்துக்கும் கட்டுவோம், கட்சிக் கூட்டத்துக்கும் கட்டுவோம், சாவுக்கும் கட்டுவோம். சாவு என்று போன் வந்தால் எங்கள் முதலாளி முதலில் கேட்பது, போனது யார் என்று இல்லை. சொந்த வீடா, வாடகை வீடா என்றுதான் கேட்பார். சொந்த வீடு என்றால் வாசலில் நிழலுக்கு ஒரு துணி போதும், பிணம் உள்ளே கூடத்தில் கிடக்கும். வாடகை வீடு என்றால் பிணமே ரோட்டில்தான். ஆஸ்பத்திரி வண்டி வந்து நிற்பதற்குள் நாங்கள் போய் மேலே துணி கட்டி, சுற்றிலும் மறைப்பும் கட்டியிருக்க வேண்டும். அதில் தாமதமானால் அவர் அடிக்கக்கூட வருவார்.

வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் பயம் அடைப்பு. சில நட்சத்திரத்தில் உயிர் போனால் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு எல்லாரும் வெளியேற வேண்டும். சிலதுக்கு ஆறு மாதம், சிலதுக்கு மூன்று மாதம். ஆஸ்பத்திரியில் செத்தாலும் கொண்டுவந்து கிடத்திய வீட்டுக்கு அது ஒட்டிக்கொள்ளும் என்று இந்த ஊரில் பேச்சு. அதன்பிறகு அந்த வீட்டுக்கு யார் குடி வருவார்கள்? அதனால் முன்பணம் வாங்கும்போதே சில பேர் சொல்லிவிடுவார்கள், சிலர் அந்த நேரம் வந்தபிறகு கேட்டை மறித்துக்கொண்டு அழுவார்கள்.

நானும் என் மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். ஒரு வீட்டில் கருவாடு சுடக் கூடாது. ஒரு வீட்டில் வீட்டுக்காரம்மாவுக்குக் கோபம் வந்தால் தண்ணீர் வராது. ஒரு வீட்டில் எருமை கட்டுகிற இடத்தைத் தடுத்து அறையாக்கிக் கொடுத்திருந்தார்கள், மழை நாளில் சுவரிலிருந்து சாண வாசம் வரும். எந்த வீட்டிலும் சுவரில் ஆணி அடிக்க விட்டதில்லை. என் மனைவி சாமி படத்தை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுத்தான் கட்டுவாள். உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டிக் கறுத்துப்போன விரலால் அந்தக் கயிற்றை முடிச்சுப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். என்னைவிட நன்றாக முடிச்சுப் போடுவாள்.

அவளுடைய அக்காவும் எங்களைப் போலவே இங்கு வந்து சேர்ந்தவள். மாடியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். அவள் செத்த அன்று மழை. வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்றுகொண்டு கையெடுத்துக் கும்பிட்டார், மேலே மட்டும் ஏற்றாதீர்கள் என்று. நான்தான் போய்க் கட்டினேன். சாக்கடைக்கும் யாரோ நிறுத்திவிட்டுப் போன ஸ்கூட்டருக்கும் நடுவில்தான் இடம் கிடைத்தது. துணி போதவில்லை. அக்காவின் கால் பக்கம் சாரல் அடித்தது. என் மனைவி ஒரு குடையை விரித்து அந்தக் கால்களுக்கு மேல் பிடித்தபடி சாயங்காலம் எடுக்கிற வரைக்கும் நின்றாள். யார் கேட்டும் குடையைக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"ஏனுங்க, என்னைய இப்பிடி ரோட்டுல போட்றாதீங்க."

நான் சரி என்றேன். அப்போது அது சும்மா சொன்ன சரிதான். எங்களுக்கு அப்போது உடம்பு நன்றாக இருந்தது.

பிறகு அவளுக்குக் கிட்னி போய்விட்டது. ரத்தத்தை மிஷினில் விட்டுக் கழுவ வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். போன மாசியில் ஒரு நாள் டாக்டர் என் மகனை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பேசினார். நான் தூணுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். இங்கிலீஷ் எனக்குப் புரியாது. கன்னடத்தில் சொன்னதே போதுமாக இருந்தது. மழைக்காலம் தாண்டுவது கஷ்டம் என்றார். மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார் என்று அம்மாவிடம் சொன்னான். அவள் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நான் வீடு தேட ஆரம்பித்தேன்.

எங்கள் ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர் பக்கம். வானம் பார்த்த பூமி. அண்ணன் தம்பிகள் அதை விற்றபோது என் பங்கை பாங்கில் போட்டு வைத்திருந்தேன். அதற்கு நல்ல வீடு வராது, இடிந்த வீடுதான் வரும் என்று புரோக்கர் முதலிலேயே சொன்னான். ஒரு வீட்டைக் காட்டினான், அதன் பாதி பெரிய சாக்கடை மோரிக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று பாகம் பிரித்த வீடு, வாசல் அண்ணனுக்கு, பின்கட்டு தம்பிக்கு. தம்பி பாகம்தான் விலைக்கு. அண்ணன் வாசலைத் திறந்தால்தான் நாம் உள்ளே போக முடியும். உயிரோடு போவதற்கே அனுமதி கேட்க வேண்டிய வீட்டில் நான் நினைத்த காரியம் எப்படி நடக்கும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

மூன்றாவதாகப் பார்த்ததுதான் அந்த வீடு. தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால், ஆட்டோ நுழையாத ஒரு சந்தில். முனையில் ஒரு பூக்கார அம்மா உட்கார்ந்திருப்பாள், சேலத்துப் பக்கத்து ஆள். அந்தச் சந்துக்கு ஷாமியானா கட்ட நான் எத்தனையோ முறை வந்திருக்கிறேன். பூட்டிக் கிடந்த அந்த வீட்டின் ஜன்னல் கம்பியில் கயிறு கட்டியும் இருக்கிறேன். வீட்டை ஏறிட்டுப் பார்த்ததில்லை.

மண் சுவர், நாட்டு ஓடு. முன்னால் ஒரு அறை, நடுவில் வெயில் விழுகிற மாதிரி ஒரு திறப்பு, பின்னால் அடுப்படி. அடுப்படிக்குப் பாதிக் கூரைதான் இருந்தது. குரங்குகள் ஓடுகளைப் பெயர்த்துப் போட்டிருந்தன. வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன கன்னட வாத்தியார். மகள் வீட்டில், அடுக்குமாடியில் இருக்கிறார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய அப்பா அவிட்ட நட்சத்திரத்தில் அந்த முன்னறையில் போனார். ஆறு மாதம் வீட்டைப் பூட்டினார்கள். ஆறு மாதம் முடிந்தபோது அம்மா திரும்பி வர மாட்டேன் என்றாள். அடுத்த வருஷம் மகள் கல்யாணம். அதற்கடுத்த வருஷம் அம்மா போய்விட்டாள். இப்படியே பூட்டினது பூட்டினபடி. ஆள் நடமாடாத மண் வீடு உட்கார்ந்துவிடும் என்று அவர் கையைக் கீழே அழுத்திக் காட்டினார். பார்த்துவிட்டுப் போகிறவர்களை முனையில் பூக்கார அம்மா நிறுத்தி விஷயத்தைச் சொல்லிவிடுவாள், அவர்கள் மறுபடி வருவதில்லை. அவளை அதட்டிப் பார்த்தாராம். சாவு நடந்ததை மறைத்து விற்றால் அந்தப் பாவம் யாருக்கு என்று அவள் கேட்டாளாம்.

எனக்கு அடைப்பு பற்றிக் கவலை இல்லை. எத்தனையோ அடைப்பு வீடுகளின் வாசலில் நின்று டீ குடித்தவன். என் கவலை வேறு. அந்த முன்னறையில் ஒரு ஆளைக் கிடத்தினால் சுற்றி நாலு பேர் நிற்க இடம் இருக்குமா, தலை தெற்கே வைத்தால் கால் கதவை இடிக்குமா, பாடையைச் சாய்க்காமல் கதவைத் தாண்டி எடுக்க முடியுமா. டேப் என்னிடம் இல்லை. அதனால் தெற்கே தலை வைத்துத் தரையில் படுத்தேன். கதவுப் பக்கம் போன வாத்தியார் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். எனக்கு மயக்கம் என்று நினைத்துவிட்டார். தரையில் ஈரம் ஏறுகிறதா என்று பார்த்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. எழுந்திருக்கக் கை கொடுத்தார். என் மனைவி என்னைவிடக் குட்டை. இடம் தாராளமாக இருந்தது.

தெரிந்த மேஸ்திரி ஒருவனைக் கூட்டிப் போனேன். தர்மபுரிக்காரன். கையில் இருந்த கம்பியைச் சுவரில் குத்தினான். கிழிந்த மூட்டையிலிருந்து மாவு கொட்டுவதுபோல மண் கொட்டியது. உத்தரத்தை விரலால் தட்டினான், கரையான் அரித்த மரத்தூள் அவன் தலையில் விழுந்தது. தலையைத் தட்டிக்கொண்டே சொன்னான்:

"பெரியவரே, முன்ரூம நிறுத்திடலாம். பின்னாடி நான் கை வைக்கவே வேணாம், அதுவே எறங்கிடும்."

கூரையைப் பிரித்துப் புதிதாகப் போட வேண்டும், உத்தரம் மாற்ற வேண்டும், மழைக்கு முன்னால் முடியாது, மழை விட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றான். மழை விட்டு என்று அவன் சொன்னபோது எனக்கு டாக்டர் ஞாபகம் வந்தது. முன்னறை மட்டும் போதும், அதுவும் இப்போதைக்கு நின்றால் போதும் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

மகன் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருக்கிறான். ஊருக்கு வெளியே வாடகை வீடு, மனைவி, ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்குத் தமிழில் கோபித்துக்கொள்ளத் தெரியும், மற்றதெல்லாம் கன்னடம். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டைப் பார்த்தான். உள்ளே போகவில்லை, வாசலில் நின்றே பார்த்துவிட்டான். திரும்பி நடக்கும்போது மார்க்கெட் சத்தத்துக்கு நடுவில் எங்களுக்குள் பேச்சு வந்தது.

"அப்பா, அது வீடே அல்ல, பாழு. அம்மா அங்க இருக்கப்போறது ஒரு நாளு. ஒரு நாளுக்காக ஒரு வீடா?"

"அந்த ஒரு நாளத்தானப்பா கேக்குறா."

"இப்பெல்லாம் எல்லாரும் ஆஸ்பத்திரியில இருந்து நேரா மின்மயானத்துக்கே போறாங்க. அங்கயே ஹால் இருக்குது, ஃபேன் இருக்குது, பார்க்கிங் இருக்குது."

அவன் கொஞ்சம் தூரம் போய் நின்று, "அப்பொறம் நீங்க என்ன பண்ணுவீங்க அதுல? ஓடு தலமேல விழுந்தா நாந்தான ஓடி வரோணும்," என்றான். அவன் கேட்டதில் தப்பு எதுவும் இல்லை. அவனும் மனை வாங்கப் பணம் சேர்க்கிறவன். என் பணமும் அதில் சேர்ந்தால் ஒரு நல்ல மனை வரும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு இருந்தது. அதை அவன் வாய்விட்டுக் கேட்டதில்லை.

இதெல்லாம் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆட்டோக்காரனிடம் அவளே மார்க்கெட்டுக்குப் போ என்றாள். சந்து முனையில் இறங்கி, பூக்கார அம்மாவின் முக்காலியில் கொஞ்சம் நேரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பூக்கார அம்மா வழக்கமாகச் சொல்கிறதைச் சொல்ல வாயெடுத்தவள், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு முழம் பூவைக் கையில் கொடுத்தாள். வாத்தியார் என்னிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தார். திறந்து, கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

அவள் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். பக்கத்துச் சுவரைக் கட்டை விரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போனது.

"இதுல ஆணி அடிச்சா நிக்குங்களா?"

"நிக்காது."

"அப்ப இதுவும் வாடக வீடு மாதிரித்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும், அதுவும் வந்தது. இருமல் நின்றதும், எந்த இடம் அளந்தீங்க என்று கேட்டாள். நான் படுத்ததை யார் சொன்னார்களோ. கையால் காட்டினேன். அந்த இடத்தையே கொஞ்சம் நேரம் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். ஓடு போன இடத்தில் வெள்ளையாக வானம் தெரிந்தது.

"நானு இங்க ஒரு நாளு படுத்துக் கெடப்பனுங்க. அப்பொறம் இதுக்கடில நீங்க எத்தன வருசம் படுக்கோணும்? வேண்டாங்க. பணத்தக் கையில வச்சுக்குங்க. நாளைக்கு ஒரு வாய் சோத்துக்கு யாரயும் பாத்துக்கிட்டு நிக்காதீங்க."

சொல்லிவிட்டு எழுந்து நடந்துவிட்டாள். ஆட்டோவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பூவை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

வேண்டாம் என்று அவள் சொன்னது எனக்காக. அவளுக்காகச் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். அந்த வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்குத் தெரியாமல் வாங்கிவிட்டு, சாவியைக் கையில் கொடுத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். பாங்கில் பணம் எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் வாங்கவில்லை. ஆஷாடம் பிறந்துவிட்டது, ஆஷாடத்தில் வீட்டுக் காரியத்துக்குக் கை நீட்ட மாட்டேன், மகளும் சண்டைக்கு வருவாள், அமாவாசை கழியட்டும், வீடு உங்களுக்குத்தான், பேச்சு மாறாது என்றார்.

மைசூரில் இருக்கிற தமிழனுக்கு இது ஒரு தொல்லை. இவர்கள் மாதம் சந்திரனைப் பார்த்து ஓடும், நம் மாதம் சூரியனைப் பார்த்து. இவர்கள் ஆஷாடம் முடிகிற நேரத்தில் நமக்கு ஆடி பாதி நிற்கும். எங்கள் கடையில் இந்தக் காலம் வந்தால் முதலில் கன்னடக்காரர் கல்யாணம் நிற்கும், அது தொடங்குவதற்குள் தமிழர் கல்யாணம் நின்றிருக்கும். கல்யாணத் துணிகள் மடித்தபடி கிடக்கும். சாவு மட்டும்தான் வரும். முதலாளி அந்த இரண்டு மாதமும் சாவு வீட்டுக்காரர்களிடம் மரியாதையாகப் பேசுவார்.

அமாவாசை கழிந்ததும் வாத்தியாரே போன் செய்தார், வாருங்கள் என்று. நான்தான் போகவில்லை. எங்களுக்கு ஆடி நடக்கிறது, ஆடிப் பதினெட்டு நல்ல நாள், அன்றைக்கு வருகிறேன் என்றேன். பத்து நாள் கூட இல்லை. அடைப்பு வீட்டைப் பற்றிக் கவலைப்படாதவன் இதற்கு மட்டும் ஏன் பார்த்தேன் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். அந்த வீட்டில் ஒரு காலையில் அவளை உட்கார வைத்துப் பால் காய்ச்ச வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. சாவுக்கு மட்டும் வாங்கின வீடாக அது இருக்க வேண்டாம் என்று பட்டது. கூடாத மாதத்தில் பால் காய்ச்சி, அதனால் அவளுக்கு மிச்சமிருக்கிற நாளில் ஏதாவது குறைந்துவிடுமோ என்று பயம். மகனிடம் கூடச் சொல்லவில்லை.

ஆடிப் பதினெட்டு வரவில்லை. அதற்கு முன்னால், ஒரு காலையில், மிஷினில் படுத்திருக்கும்போதே பிரஷர் இறங்கிப் போய்விட்டாள். முடிந்ததும் சாப்பிட இட்லி கேட்பாள் என்று நான் கீழே வாங்கப் போயிருந்தேன். வீடு வாங்க முடிவு செய்ததை அவளிடம் நான் சொல்லவே இல்லை. ரோட்டில்தான் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பாளா என்று மட்டும் யாரிடமும் நான் கேட்க முடியாது.

மகன் வந்தான். நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்தான். அவள் போனில் சத்தம் போட்டு அழுதாள், எத்தனையோ வருஷம் என் மனைவி கையால் ரசம் வாங்கிக் குடித்தவள். அழுகை நின்றதும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். மகன் வண்டிக்காரனிடம் நேரே மின்மயானம் என்றான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் நில்லு என்று வாத்தியாருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். அதற்குமேல் கேட்க வாய் வரவில்லை. கேட்காததற்கு அவரே பதில் சொன்னார்:

"கர்கொண்டு ஹோகி. அது நிம்ம மனெ அந்துக்கொள்ளி."

கூட்டிக்கொண்டு போங்கள், அது உங்கள் வீடு என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவளை அவர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

அதற்குள் என் மனைவியின் தம்பி ஊரிலிருந்து போனில் வந்துவிட்டான். மகன் ஸ்பீக்கரில் போட்டான். "மாமா, பால் காச்சாத வீட்டுக்குள்ள மொதமொதல்ல பொணமா போறது? அதும் ஆடி மாசத்துல? உங்குளுக்குப் புத்தி கெட்டுப் போச்சுங்களா?" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். மகன் அந்தப் போனைக் கட் செய்துவிட்டான். ஷாமியானாக் கடை நம்பரைத் தேடிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:

"வெளிய கட்டச் சொல்லட்டுமா, உள்ள கட்டச் சொல்லட்டுமாப்பா?"

தூறல் பிடித்திருந்தது. அந்தக் கூரை எங்கெங்கே ஒழுகும் என்று எனக்குத் தெரியும். உள்ளே என்றேன்.

கடைப் பையன்கள் இப்போது புது ஆட்கள். ஒரு வீட்டுக்குள் ஷாமியானா கட்டச் சொன்ன ஆளை அவர்கள் பார்த்ததில்லை. கம்பத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள். கம்பம் வேண்டாம் என்றேன். ஆணியும் அடிக்க முடியாது. ஒரு பக்கம் ஜன்னல் கம்பியில், ஒரு பக்கம் கதவு நிலையின் கொண்டியில், மற்ற இரண்டு மூலையும் உத்தரத்தில் இழுத்துக் கட்டச் சொன்னேன். உத்தரத்தில் இழுக்கும்போது கரையான் தூள் கொட்டியது. ஆடியில் கல்யாணம் இல்லாததால் கடையில் சும்மா கிடந்தது கல்யாணத் துணிதான். சிவப்பும் மஞ்சளும், ஓரத்தில் ஜிகினா வைத்தது. அதன் கீழே, நான் படுத்துப் பார்த்த இடத்தில், தெற்கே தலை வைத்து அவளைக் கிடத்தினோம். கால் கதவை இடிக்கவில்லை. மேலே ஓட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் துணியில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் மேல் ஒரு சொட்டும் விழவில்லை.

ஜனம் உள்ளே வந்து பார்த்துவிட்டுச் சந்தில் போய் நின்றார்கள். பூக்கார அம்மா கடையை விட்டு வந்து மாலை போட்டாள். வீட்டுக்காரம்மாவும் வந்தாள். கதவண்டை நின்றவள், பிறகு உள்ளே வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, எடுக்கிற வரைக்கும் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மனைவியின் தம்பியும் மத்தியானம் பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். வந்தவன் நேரே போய்ப் பாடைக்கு மூங்கில் கட்டினான். பாடை கதவைத் தாண்டிச் சாயாமல் போனது. வாசற்படியின் உயரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை, அதில் ஒருவன் தடுக்கினான். மகன் முட்டுக் கொடுத்துக்கொண்டான்.

நட்சத்திரம் உத்திரம் என்றார்கள். மூன்று மாத அடைப்பு. ஜோசியர் சொல்வதற்கு முன்னால் சந்தே சொல்லிவிட்டது. அன்று சாயங்காலமே தரையைக் கழுவி, விளக்கு வைத்து, பூட்டினோம். மறுநாள் துணியை அவிழ்க்க வந்த பையன்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். போனால் போகட்டும் என்று முதலாளியின் மகன் சொல்லியனுப்பினான்.

பதினாறு கழிந்து, ஆவணி பிறந்து, நான் அந்த வீட்டை வாங்கினேன். வாத்தியார் வேண்டாம் என்றார், அன்றைக்குக் கொடுத்தது விற்பனைக்காக இல்லை என்றார். மகன், அம்மா போயாச்சு, இனி எதுக்கு என்றான். ஒரு சாவு நடந்த வீட்டையே விற்க முடியாமல் கிடந்த மனுஷனிடம் இரண்டு சாவு நடந்த வீட்டை எப்படித் திருப்பிக் கொடுப்பது? மகனிடம் இதைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். பத்திரம் பதிய வரவில்லை.

நாங்கள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரம்மா நல்ல மாதிரியாகவே கேட்டாள். ஒற்றை ஆளாக ஒரு கிழவன் இருந்தால் அவளுக்குப் பயம் இருக்கத்தானே செய்யும். இப்போது நான் மகன் வீட்டுக் கூடத்தில் படுக்கிறேன். சொந்தமாக வீடு இருக்கிறது, அதற்குள் போகக் கூடாது. மேஸ்திரி அடைப்பு முடியட்டும் பெரியவரே, அதற்கு முன்னால் ஆள் வர மாட்டான் என்கிறான். மழை அதற்காக நிற்கிறதா? இந்தப் புரட்டாசியில் பெய்ததுபோல நான் சமீபத்தில் பார்த்ததில்லை. ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் மகன் புரண்டு படுப்பது தெரியும். அவனும் அதைத்தான் நினைக்கிறான்.

போன வாரம் பூக்கார அம்மா போன் செய்தாள். அடுப்படிச் சுவர் இறங்கிவிட்டதாம். பஸ் ஏறிப் போனேன். சொன்னது சரிதான், பின்பக்கம் மண் குவியல். முன்னறை நிற்கிறது. ஜன்னல் கதவு தானாகத் திறந்து கிடந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். துணி அப்படியே கட்டியபடி இருந்தது. சாயம் ஓடி, மஞ்சள் எல்லாம் சிவப்பாகி, நடுவில் ஒரு அண்டா தண்ணீர் தேங்கித் தொங்கியது. அவள் கிடந்த இடத்துக்கு நேர் மேலே. அந்தக் கனத்துக்கு உத்தரம் வளைந்திருந்தது. துணியில் இப்படித் தண்ணீர் தேங்கினால் கீழேயிருந்து கம்பால் தூக்கி ஓரமாக வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் துணியும் கிழியும், கட்டின மரமும் சேர்ந்து வரும். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. முனையில் பூக்கார அம்மா எழுந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கதவைத் திறக்கவில்லை. விழுந்த சுவரிலிருந்து ஒரு நீள மூங்கிலை உருவிக்கொண்டு வந்து, ஜன்னல் கம்பிக்கு நடுவே விட்டு, துணியின் அடியில் கொடுத்து மெதுவாக ஏற்றினேன். தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி, சிவப்பாகத் தரையில் கொட்டி, வாசற்படி வரைக்கும் வந்தது. துணி கொஞ்சம் மேலே ஏறியது. மூலையில் இன்னும் ஒரு குழி இருந்தது. மூங்கிலை அந்தப் பக்கம் நகர்த்தினேன்.